அம்மை இருக்கா?

"தமிழ் நன்றாகத் தெரியும்" என்று வேலைக்கு மனுப் போடுகிறவர்கள், எந்தத் தமிழ் என்று சொல்வதில்லை. வேலை கொடுக்கிறவர்களும் கேட்பதில்லை. நானும் சொல்லவில்லை, என்னையும் யாரும் கேட்கவில்லை. அதன் பலனாக, ஒரு குற்றமும் செய்யாத ஒரு மனுஷியை நான் ஸ்ட்ரெச்சரில் ஏற்றினேன்.

நான் பம்பாயில், மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெட்கிளார்க் உத்தியோகம். மாதுங்காவில் காய்கறி, பூ, காப்பிப்பொடி எல்லாம் தமிழிலேயே வாங்கிவிடலாம். அதனால் உலகத்திலுள்ள தமிழ் மொத்தமும் எங்கள் கட்டிடத்தின் மூன்று மாடிக்குள் அடக்கம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தாராவி நடக்கிற தூரம்தான். அங்கே அத்தனை தமிழர்கள் இருந்தும் நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. (ரயிலில் போகும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டது உண்டு. அதைப் பார்த்த கணக்கில் சேர்க்க முடியாது.)

அறுபதுகளின் நடுவில், பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் வரன் பார்க்கும் பேச்சுக்குப் பயந்து நான் வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். தாராவியில் ஒரு சந்தில் ஜனங்களுக்கு என்ன தேவை, தண்ணீர்க் குழாயா, கக்கூஸா, மருந்து கொடுக்க ஒரு டாக்டரா என்று வீடு வீடாகக் கேட்டு எழுத சுகாதார இலாகாவுக்குத் தமிழ் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டியிருந்தது. போனேன். எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் பிரதான். மராட்டிக்காரர், சிவந்த மூக்கு, தும்மினால்கூட ஆங்கிலத்தில்தான் தும்முவார். அவர் முதல் நாளே மூன்று கட்டளை போட்டார். எழுதியிருக்கிற கேள்வியை மாற்றக் கூடாது. விளக்கம் சொல்லக் கூடாது. அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். "நீ யோசிக்காதே. யோசிக்க நான் இருக்கிறேன்" என்றார். யோசிக்காமல் இருப்பது எனக்குச் சிரமமான காரியமே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

ஆங்கிலக் கேள்விகளைத் தமிழாக்கியது நான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து ஆக்கினேன். "தங்கள் இல்லத்தின் குடிநீர் ஆதாரம் யாது?" என்பது முதல் கேள்வி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரேடியோவில் கேட்கிற மாதிரி இருக்கு" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்தில் பல வீடுகளில் பெற்ற தாயை அம்மை என்பார்கள். அம்மாவின் அக்காள் பெரியம்மை, தங்கை சின்னம்மை. அம்மையை "அவ, இவ" என்று உரிமையோடு பேசுவார்கள். இது தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். எங்கள் மூன்று மாடிக் கட்டிடத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

சந்தில் முதல் வீடு செல்லத்தாயுடையது. என் வயதுதான் இருக்கும். புருஷன் தோல் பதனிடும் இடத்தில் வேலை. வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தங்கள் இல்லத்தின் குடிநீர் ஆதாரம் யாது?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ரேஷன் கார்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஆதாரம் இதான் இருக்கு. போதுமா?"

விளக்கம் சொல்லக் கூடாது என்பது கட்டளை. "ரேஷன் கார்டு" என்று எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்வி நோய்களைப் பற்றியது.

"வீட்டில் பெரியம்மை இருக்கா?"

"இருக்கா. இங்ஙன இல்ல, கோவண்டில இருக்கா."

நாலைந்து மைல் தள்ளியிருக்கிற கோவண்டி வரைக்கும் பரவிவிட்டதா! அந்தக் காலத்தில் பெரியம்மை என்றால் விளையாட்டில்லை. ஒரு வீட்டில் வந்தால் தெருவே நடுங்கும். முனிசிபாலிட்டி வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்த் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் போடும். போனவர் எல்லாரும் திரும்பி வந்ததில்லை.

"சின்னம்மை?"

"அவளும் இருக்கா, ஊர்ல. அவளுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கெடயாது."

நோயை அம்மன் என்று கும்பிடுகிறவர்கள், அதனால்தான் "அவள்" என்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (யோசிக்காதே என்றவர் பேச்சை நான் மீறிய முதல் இடம் இது. மீறாமலே இருந்திருக்கலாம்.) பெரிசு சின்னது வேண்டாம், சுருக்கமாகக் கேட்போம் என்று, "சரி, இந்த வீட்டில் அம்மை இருக்கா?" என்றேன்.

"இருக்கா. உள்ள படுத்துக் கெடக்கா."

நான் ஓர் அடி பின்வாங்கினேன். "எப்போ வந்தது?"

"முந்தாநாத்து வந்தா. ஊர்ல இருந்து ரயில்ல வந்தா."

"தலைக்கு ஜலம் விட்டாச்சா?"

"நேத்து ஊத்துனா. வெந்நி போட்டுக் குடுத்தேன்."

"இன்னும் எத்தனை நாள் இருக்கும்?"

செல்லத்தாய் சிரித்தாள். "அது அவ இஷ்டம்லா? அவளா எறங்கிப் போனாத்தான் உண்டு. நாம போன்னு சொல்ல முடியுமா? இருக்க வரைக்கும் இருக்கட்டும்னு எங்க வீட்டுக்காரவுகளும் சொல்லிட்டாவ."

இப்படி ஒரு பக்தியை நான் பார்த்ததில்லை. "வேற யாருக்காவது ஒட்டிண்டிருக்கா?" என்று கேட்டேன்.

"சின்னவன் ஒட்டிக்கிட்டான். ராத்திரி பூரா அவ மேலேயேதான் கெடக்கான். பிரிக்க முடியல, பாத்துக்கிடுங்க."

அதற்கு மேல் அந்த வாசலில் நிற்க என் கால்கள் சம்மதிக்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு அடுத்தடுத்த வீடுகளுக்கு நடு வழியில் நின்றே கேள்வியை வீசினேன். "அம்மை இருக்கா?" "இருக்கா." "அம்மை இருக்கா?" "இருக்கா, தண்ணி பிடிக்கப் போயிருக்கா." நோயோடு தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள் என்றால் குழாயடி முழுக்கப் பரவியிருக்குமே! சந்தின் நடுவில் தகரப் பெட்டிப் பட்டறை வைத்திருந்த காதர் பாய் ஒருவர்தான், "அம்மையா? அல்லா காப்பாத்தணும், நம்ம வீட்டுல அதெல்லாம் கெடையாது தாயி" என்று பதறினார். அவர்கள் வீட்டில் தாய்க்கு உம்மா என்று பெயர்.

உங்களுக்கு என்ன தேவை என்பதுதான் கடைசிக் கேள்வி. அதற்காகத்தான் சர்வேயே. அதை நான் ஒரு வீட்டிலும் கேட்கவில்லை.

நேராக ஒரு மருந்துக் கடைக்கு ஓடிப்போய் டாக்டருக்கு டெலிபோன் செய்தேன். அவர் எத்தனை கேஸ் என்று இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "தைரியமான பெண்" என்றார். முஸ்லிம் வீட்டில் மட்டும் நோய் இல்லை என்றதும், "ரொம்பச் சுவாரஸ்யம். அவர்கள் சாப்பாட்டை ஆராய வேண்டும்" என்றார். அன்று வீட்டில் அம்மா என்னைப் பின்பக்கமாகவே வரச்சொல்லித் தலையோடு கால் தண்ணீரைக் கொட்டினாள். நான் நனைந்த கோழியாக நின்றுகொண்டு, ஒரு ஊரையே காப்பாற்றிவிட்ட பெருமையில் மிதந்தேன். பேப்பரில் போட்டோ வந்தால் எந்தப் புடவை என்றுகூட யோசித்துவிட்டேன். வெட்கங்கெட்ட ஜென்மம்!

மறுநாள் காலையில் வேன் வந்தது. சந்துக்குள் நுழையாது என்பதால் முனையிலேயே நின்றது. வாயில் துணி கட்டிய நான்கு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு இறங்கினார்கள். டாக்டர் பிரதானும் துணி கட்டியிருந்தார். முன்னால் வழிகாட்டிக்கொண்டு நான் போனேன். எங்களைப் பார்த்ததும் பேச்சுக் குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவை அடைத்தார்கள். அந்த வண்டி எதற்கு வரும் என்று அங்கே கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அதுவரை எனக்கு வெறும் சினிமாக் காட்சியாக இருந்தது, அந்தக் கதவுகள் சாத்தும் சத்தத்தில் நிஜமாகிவிட்டது.

செல்லத்தாய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "யாருக்கு என்ன? எதுக்கு வந்திருக்கிய?"

"பயப்படாதீங்கோ. அம்மையைக் கொண்டுபோய் நன்னா வச்சுப் பார்த்துத் திருப்பி அனுப்பிச்சுடுவா."

"எங்கம்மைய அவுக எதுக்கு வச்சுப் பாக்கணும்? நான் பாக்க மாட்டனா?"

"இல்லைம்மா, அம்மையை வீட்டுல வச்சுக்கக் கூடாது. அது சட்டம்."

அவள் வாசலை விட்டுத் தெருப்பக்கம் திரும்பினாள். அப்புறம் சந்துக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். "அம்மைய வீட்டுல வச்சிக்கிடக் கூடாதுன்னு சட்டமா? இது என்ன எழவெடுத்த ஊரு!"

அவள் திரும்பிக் கத்திய அந்த இடைவெளியில் இரண்டு ஆட்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். ஒரு கம்பளியைச் சுற்றி, முகம்வரை சேலையால் மூடிக்கொண்ட ஓர் உருவத்தை வெளியே கொண்டுவந்து ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். அது ஒரு சத்தமும் போடவில்லை. ஒரு சின்னப் பையன் அதன் காலைப் பிடித்துக்கொண்டு வீறிட்டான். "ஆச்சி! ஆச்சி!" செல்லத்தாய் மார்பில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். "எங்கம்மைய விடுங்கய்யா! பாவிகளா, எங்கம்மைய விடுங்க!"

அலறல் கேட்டுக் கூடிய கூட்டத்திலிருந்து ஒரு பெண் என் தோளைத் தட்டினாள். இடுப்பில் பிள்ளை, கண்ணில் ஏதோ ஒரு நம்பிக்கை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஏக்கா, அம்மைய மட்டுந்தானா? மாமியாளக் கொண்டு போவ மாட்டியளா?"

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து புரிந்தது. முந்தாநாள் வந்தாள். ரயிலில் வந்தாள். வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். சின்னவன் ஒட்டிக்கொண்டான். ஒரு வியாதியும் இல்லாத கிழவியை, நிஜமாகவே பெரியம்மை கண்டவர்கள் கிடக்கும் வார்டில் கொண்டுபோய்ப் போடப் போகிறார்கள். அங்கே இல்லாத வியாதியும் வந்துவிடும். அப்புறம் அந்தப் பையனின் ஆச்சி திரும்பி வருவாளா? எழுதினது நான்.

"சார்! சார்!" என்று ஓடினேன். "இது நோய் இல்லை சார், இது தாயார்!"

டாக்டர் முறைத்தார். "என்ன உளறுகிறாய்?"

"இவர்கள் தமிழில் தாயாருக்கும் அதே வார்த்தைதான் சார். நான்... எனக்கு..."

"நேற்று இத்தனை கேஸ் என்று சொன்னது நீயா இல்லையா?"

"நான்தான் சார்."

"கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாய். நகரு." கம்பளிக்கு வெளியே தெரிந்த கழுத்தைக் காட்டினார். அங்கே சிவப்புச் சிவப்பாக வேர்க்குரு. பம்பாய்ப் புழுக்கத்துக்கு வந்த இரண்டாம் நாளே யாருக்கும் வருவதுதான். "இது என்ன? தாயாரா?" என்று கேட்டுவிட்டு ஆட்களிடம், "சலோ, உடாவ்!" என்று இந்தியில் தூக்கச் சொன்னார்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. வேலைக்குப் போன ஆண்களுக்கு யாரோ ஆள் அனுப்பியிருக்க வேண்டும். சந்தின் மறு முனையிலிருந்து திமுதிமுவென்று வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கையில் கம்பு. ஒருவன், "ஏல, வண்டிய விடாத, வண்டிய விடாத!" என்று கத்தினான். முனிசிபாலிட்டி ஆட்கள் வேனின் கதவைத் திறந்துவிட்டார்கள். செல்லத்தாய் டாக்டரின் காலில் விழுந்து கிடந்தாள். அவர் காலை உருவப் பார்க்கிறார், அவள் விடவில்லை. அவள் சொல்வது அவருக்குப் புரியாது. புரிந்து மொழிபெயர்க்க அங்கே இருந்தவள் நான் ஒருத்திதான், என் லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் இழுத்தார்கள். நானும் புடவையும் செருப்பும் சேற்றில் இழுபட்டோம். "பாட்டி! ஏதாவது பேசுங்கோ பாட்டி! உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்கோ!" என்று அழுதேன்.

அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சரில் கிடந்த உருவம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தது. முகத்திலிருந்த சேலையை உதறித் தள்ளியது.

"டிக்கெட்டு எடுத்துத்தாம்ட்டி வந்தேன்! சத்தியமா எடுத்தேன்! வாடி ஸ்டேசன்ல எறங்கயில கீழ விழுந்துட்டு! அதுக்கு இப்படியா ஆள் வச்சுத் தூக்குவிய?"

டிக்கெட் இல்லாமல் வந்ததற்காகத்தான் போலீஸ் பிடித்துப் போகிறது என்று நினைத்து அவள் அதுவரை மூச்சுக் காட்டாமல் கிடந்திருக்கிறாள்! ஆனால் சிரிக்க எனக்கு நேரமில்லை. டாக்டரைப் பார்த்தேன். அவர் கிழவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த முகம் முழுக்கத் தழும்பு. நெற்றி, கன்னம், மூக்கு என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் குழிகுழியாகப் பழைய பெரியம்மைத் தழும்பு. சிறு பெண்ணாக இருந்தபோதே வந்து, உயிரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஒரு முறை வந்து பிழைத்தவர்களுக்கு அது மறுபடி வருவதில்லை என்பது சந்திலே எல்லாருக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரியும். சேலையை விலக்கி ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் மெல்ல வாய்த்துணியை அவிழ்த்தார். "இறக்கு" என்றார். பிறகு என்னிடம், "மற்ற கேஸ்கள்?" என்று கேட்டார்.

என்ன சொல்வது? நான் சேற்றில் உட்கார்ந்தபடியே, "எல்லாரோட அம்மையும் வெளில வாங்கோ" என்று குரல் கொடுத்தேன். கதவுகள் திறந்து ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். இடுப்பில் குடத்தோடு ஒருத்தி, கையில் முறத்தோடு ஒருத்தி, வெற்றிலையை மென்றுகொண்டு ஒருத்தி. நான் கண்டுபிடித்த கொள்ளைநோய் மொத்தமும் வரிசையாக நின்று எங்களை வேடிக்கை பார்த்தது. டாக்டர் அந்த வரிசையை முழுசாகப் பார்த்துவிட்டு, "என்ன பாஷை இது!" என்று முணுமுணுத்தார். கூடவே ஒரு தும்மல் வந்தது.

கம்பு கொண்டுவந்தவர்கள் விஷயம் தெரிந்து கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். செல்லத்தாய் சிரிக்கவில்லை. அம்மையைக் கைபிடித்து இறக்கி, கம்பளியை உதறிக் கீழே போட்டாள். என் முன்னால் வந்து நின்றாள். "தமிழ்தான பேசுத? எங்கம்மைன்னு அத்தன தரம் கத்துனேனே. ஒனக்கும் ஒரு தாய் இருப்பாள்லா, ஒனக்குத் தோணாதா?" எனக்கு அழுகைதான் வந்தது. அவள் திரும்பிப் போய்விட்டாள்.

டாக்டர் என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அதைவிடப் பெரிய தண்டனையாக, அடுத்த வாரம் நீயே போய் அத்தனை வீட்டிலும் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டு வா என்றார். என்னைப் பார்த்ததும் பிள்ளைகள், "ஏலே, அம்மை பிடிக்கிறவ வாராடோய்!" என்று கத்திக்கொண்டு ஓடின. நான் கும்பிட்டுக்கொண்டே செல்லத்தாய் வாசலில் போய் நின்றேன். வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுல அம்மை இல்ல."

உள்ளேயிருந்து கிழவியின் குரல் வந்தது. "ஆமா, நான் இல்லன்னு எழுதிக்க."

சந்து முழுவதும் அன்று அதே பதில்தான். திறந்த கதவுக்குள் அம்மை உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். வாசலில் மகள் நின்று எங்களுக்கு அம்மையே கிடையாது என்று சாதிப்பாள். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, முதல் தடவை கேட்காமல் விட்ட கேள்வியை மட்டும், அகராதி இல்லாமல், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். செல்லத்தாய் காலிக் குடத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். "கொழா வேணும். வேற என்ன? நாலு சந்து தாண்டிப் போயி எடுத்துட்டு வாறோம்" என்றாள். அப்புறம் ஒரு மணையை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அவள் மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. டாக்டர் முனிசிபாலிட்டியோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த குழாய் ரொம்ப நாள் கழித்துச் சந்து முனைக்கு வந்தது. நானும் ஒரு குடம் பிடித்துப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் அந்தக் கிழவியின் வாக்கியம் மட்டும் நிலைத்துவிட்டது. கடன்காரத் தூரத்துச் சொந்தம் வாசலில் நின்றாலும் சரி, பேசியே கொல்லும் மாடி வீட்டு மாமியிடமிருந்து போன் வந்தாலும் சரி, அம்மா அடுக்களையிலிருந்தே, "நான் இல்லேன்னு எழுதிக்கோ" என்பாள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தியைத் தேடியபோதும் அதையே சொன்னாள். என் குழந்தைகள் பேச ஆரம்பித்ததும் கற்றுக்கொண்ட முதல் பொய் அதுதான்.

ரொம்ப வருஷம் கழித்து அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தோம். இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பயத்தில் உறைந்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் நர்ஸ் பெரிய ஊசியோடு வந்து, "பாட்டிம்மா, முழிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அம்மா கண்ணைத் திறக்காமலே, "ஜானகி, நான் இல்லேன்னு எழுதிக்கச் சொல்லுடி" என்றாள்.

நான் அழுதுகொண்டே சிரித்த சிரிப்பில் அந்த நர்ஸ் மிரண்டுபோய் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.